வாரநாள் இரவுச் சமையலும் சமையல் புத்தகமும்: முழுமையான வழிகாட்டி

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே வேலைக்காக நாள்தோறும் பேருந்தில் சென்றுவருவோர் வீடுகளில், மாலை ஆறரை மணிக்கோ ஏழு மணிக்கோதான் அடுப்பு பற்றவைக்கப்படுகிறது. எட்டு மணிக்குள் பிள்ளைகள் சாப்பிட்டாக வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் சமையல் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, வரிக்கு வரி படித்துப் படித்துச் சமைக்க முற்படுபவர்கள் பெரும்பாலும் ஒன்பது மணிக்குத்தான் குழம்பை இறக்குகிறார்கள்; அதன் பிறகு புத்தகம் அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடுகிறது. இதில் பழுது, புத்தகத்தைத் திறக்கும் வேளையில் இருக்கிறது. சமையல் புத்தகத்தை ஞாயிற்றுக்கிழமைப் பகலில், கையில் பென்சிலுடன் படிக்க வேண்டும். வாரநாள் மாலையில் அடுப்பருகே இருக்க வேண்டியது, அந்தப் புத்தகத்திலிருந்து நம் வீட்டுப் பாத்திரங்களுக்கும் நம் வீட்டு ஆட்களுக்கும் ஏற்ப நாமே எழுதிக்கொண்ட அரைப் பக்கக் குறிப்பு மட்டுமே. அந்த அரைப் பக்கத்தை எப்படித் தயாரிப்பது என்பதையும், அதை வைத்து ஒரு மணி நேரத்துக்குள் எப்படிச் சமைத்து முடிப்பது என்பதையும் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதற்படி: புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தல்

புத்தகத்தை வாங்குவதற்கு முன் நூலகத்தில் எடுத்துப் பார்ப்பது நல்லது. புதுச்சேரியில் 1827-இல் தொடங்கப்பட்ட ரோமன் ரோலண்டு நூலகமும், கடலூரில் மாவட்ட மைய நூலகமும் இருக்கும்போது, பளபளப்பான படங்களை நம்பிக் கடையில் பணம் கொடுக்க வேண்டிய அவசியமில்லை. உறுப்பினராகி ஒரு புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று, அதிலிருந்து இரண்டு மூன்று குறிப்புகளைச் சமைத்துப் பார்த்த பிறகு, அது வீட்டில் நிரந்தரமாக இருக்க வேண்டியதா என்று முடிவு செய்யலாம்.

வாரநாளுக்கு உதவக்கூடிய புத்தகத்தை அடையாளம் காண, நீங்கள் ஏற்கெனவே நன்றாகச் சமைக்கும் ஓர் உணவை, எடுத்துக்காட்டாக வத்தக்குழம்பையோ தக்காளி ரசத்தையோ, அந்தப் புத்தகத்தில் தேடிப் படியுங்கள். புளியின் அளவும், நீரின் அளவும், எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும் என்பதும் உங்கள் அனுபவத்தோடு ஒத்துப்போனால், நீங்கள் அறியாத உணவுகளுக்கும் அந்த ஆசிரியரை நம்பலாம். "தேவையான அளவு" என்ற சொல் உப்பைத் தவிர வேறு நான்கைந்து பொருள்களுக்கும் வந்தால், அந்தப் புத்தகம் ஏற்கெனவே சமைக்கத் தெரிந்தவர்களுக்காக எழுதப்பட்டது; புதிதாகக் கற்பவருக்கு அது மாலை நேரத்தில் துணை நிற்காது. எத்தனை பேருக்கு என்ற கணக்கும், பொருள்களின் பெயரை வைத்துத் தேடக்கூடிய பொருளகராதியும் இருந்தால் மிக நல்லது. வீட்டில் கத்திரிக்காய் மட்டும் இருக்கும் நாளில் அந்த அகராதிதான் கைகொடுக்கும்.

இரண்டாம் படி: குறிப்புக்குள் மறைந்திருக்கும் நேரத்தைக் கணக்கிடுதல்

சமையல் புத்தகங்களில் "நேரம்: 20 நிமிடம்" என்று அச்சிட்டிருப்பதை அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது. உண்மையான நேரம் பொருள் பட்டியலுக்குள் ஒளிந்திருக்கிறது. "வேகவைத்த துவரம்பருப்பு ஒரு கிண்ணம்", "ஊறவைத்த கொண்டைக்கடலை", "பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் ஒரு கிண்ணம்", "அரைத்த தேங்காய் விழுது", "கெட்டியான புளிக்கரைசல்" என்று வரும் ஒவ்வொரு சொல்லும் ஒரு தனி வேலை. ஒரு கிண்ணம் சின்ன வெங்காயத்தை உரித்து நறுக்கப் பழகிய கைக்கும் பத்து நிமிடம் ஆகும். தேங்காய் உடைத்துத் துருவி அரைக்க இன்னொரு பத்து நிமிடம். கொண்டைக்கடலை என்றால் முந்தைய இரவே ஊறப்போட வேண்டும். ஊறாத கடலை பிரஷர் குக்கரிலும் வேக நெடுநேரம் எடுக்கும். வட இந்தியச் சமையல் புத்தகங்களில் வரும் ராஜ்மாவுக்கு இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். அதை இரவு முழுவதும் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் குறைந்தது பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். அரைவேக்காட்டில் உண்டால் வயிற்றைக் கடுமையாகப் பாதிக்கும்.

ஆகவே, ஒரு குறிப்பைப் படிக்கும்போது பொருள் பட்டியலில் உள்ள எல்லாப் பெயரடைகளையும் பென்சிலால் வட்டமிடுங்கள். ஊறவைத்த, அரைத்த, நறுக்கிய, வறுத்துப் பொடித்த, வேகவைத்த என்று வட்டமிட்டவற்றை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒன்று, வார இறுதியிலோ முந்தைய இரவிலோ முடித்துவைக்கக்கூடியது. மற்றொன்று, அன்று மாலையிலேயே செய்ய வேண்டியது. இரண்டாம் வகை வேலைகள் மூன்றுக்கு மேல் இருந்தால், அந்தக் குறிப்பு எவ்வளவு சுவையாக இருந்தாலும் அது ஞாயிற்றுக்கிழமைக்கு உரியது. அதை வாரநாளுக்குள் திணிக்கும் வீடுகளில்தான் சமையலே பெரும் சுமையாகத் தோன்றுகிறது என்பது என் உறுதியான கருத்து.

பிரஷர் குக்கர் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். புத்தகங்கள் "மூன்று விசில்" என்று எழுதும்போது, அது எழுதியவரின் குக்கருக்கும் அவருடைய அடுப்புக்கும் உரிய கணக்கு. மூன்று லிட்டர் குக்கரில் பெரிய தீயில் மூன்று விசில் ஐந்து நிமிடத்திற்குள் வந்துவிடும். ஐந்து லிட்டர் குக்கரில் சிறு தீயில் அதே மூன்று விசிலுக்குப் பதினைந்து நிமிடம்கூட ஆகலாம். குக்கருக்குள் நீராவி அழுத்தத்தால் வெப்பம் ஏறக்குறைய 120 டிகிரி செல்சியஸ் வரை ஏறுகிறது. அந்த வெப்பத்தில் எவ்வளவு நேரம் இருந்தது என்பதுதான் பருப்பு குழைவதை நிர்ணயிக்கிறது. எனவே முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, அதன் பிறகு நிமிடக் கணக்கில் பார்ப்பதே நம்பகமானது. அரை மணி நேரம் ஊறிய துவரம்பருப்புக்குச் சிறு தீயில் எட்டு முதல் பத்து நிமிடம் போதும். அழுத்தம் தானாக அடங்க இன்னும் பத்து நிமிடம் ஆகும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். புத்தகங்கள் பெரும்பாலும் இதை எழுதுவதில்லை. பருப்பின் அளவை இரட்டிப்பாக்கினால் அழுத்தம் ஏறும் நேரம்தான் கூடுமே தவிர, அதன் பிறகு வேகும் நேரம் கூடாது. சோற்றுக்கும் நுரைக்கும் பருப்புக்கும் குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது.

மூன்றாம் படி: அளவுகளை நம் வீட்டுக்கு மாற்றுதல்

பாட்டியோ அத்தையோ வைத்திருந்த பழைய புத்தகங்கள் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. அவை மிக நல்ல புத்தகங்கள். ஆனால் இந்தியாவில் மெட்ரிக் அளவுகளுக்கான சட்டம் 1956-இல்தான் வந்தது. 1951-இல் முதற்பாகம் வெளிவந்த எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' போன்ற நூல்கள் அதற்கு முன்பே, ஆழாக்கும் படியும் வழக்கிலிருந்த காலத்தில் எழுதப்பட்டவை. அப்படிப்பட்ட பதிப்பு உங்களிடம் இருந்தால், ஒரு பலம் ஏறக்குறைய 35 கிராம் என்றும், நாற்பது பலம் கொண்ட வீசை ஏறக்குறைய 1.4 கிலோ என்றும், ஒரு தோலா 11.66 கிராம் என்றும் கொள்ளலாம். படிக்கு எட்டு ஆழாக்கு என்பது பொதுவான கணக்கு. ஆனால் படியே ஊருக்கு ஊர் மாறுபட்டதால், ஆழாக்கின் கொள்ளளவும் ஏறக்குறைய 170 மில்லி லிட்டரிலிருந்து 200 மில்லி லிட்டர் வரை மாறும். இதைக் கண்டு தயங்க வேண்டியதில்லை. அரிசி, பருப்பு, நீர் மூன்றும் ஆழாக்கில் சொல்லப்பட்டிருந்தால், மூன்றையும் வீட்டிலுள்ள ஒரே தம்ளரால் அளந்தால் போதும், விகிதம் கெடாது. எடையிலும் கொள்ளளவிலும் கலந்து சொல்லப்பட்ட குறிப்புகளில்தான் மாற்றிக் கணக்கிட வேண்டியிருக்கும்.

புதிய புத்தகங்களில் வரும் "கப்" என்பது பெரும்பாலும் 240 மில்லி லிட்டர். சில வெளிநாட்டு நூல்களில் 250. தேக்கரண்டி 5 மில்லி லிட்டர், மேசைக்கரண்டி 15. உங்கள் வீட்டில் தினமும் அரிசி அளக்கும் தம்ளரில் எவ்வளவு நீர் பிடிக்கிறது என்று ஒரு முறை அளந்து, அந்த எண்ணை அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவையுங்கள். அஞ்சறைப் பெட்டியில் கிடக்கும் சிறு கரண்டியையும் அவ்வாறே அளந்துவைக்க வேண்டும். இந்தச் சிறு வேலையைச் செய்துவிட்டால் எந்தப் புத்தகத்தையும் உங்கள் சமையலறை அளவுக்கு மாற்றிவிடலாம்.

ஆறு பேருக்கு எழுதப்பட்ட குறிப்பை மூன்று பேருக்குச் சுருக்கும்போது எல்லாவற்றையும் சரிபாதியாக்குவது சரியாக வராது. காய், பருப்பு, புளி, உப்பு ஆகியவற்றைப் பாதியாக்கலாம். கொதிக்கும்போது வற்றும் நீரின் அளவு பாத்திரத்தின் வாய் அகலத்தைப் பொறுத்தது. அதே அகலமான சட்டியில் பாதிக் குழம்பு வைத்தால் நீர் பாதிக்குச் சற்று அதிகமாகவே தேவைப்படும், இல்லையெனில் காய் வேகும் முன் குழம்பு சுண்டிவிடும். தாளிக்கும் எண்ணெயும் அப்படித்தான்: சட்டியின் அடியை நனைக்கும் அளவுக்குக் கீழே குறைத்தால் கடுகு பொரியாமல் கருகும். சட்டியையே சிறியதாக மாற்றிக்கொள்வது இதற்கு நல்ல தீர்வு. மூன்று பேருக்கு எழுதியதை ஆறு பேருக்குக் கூட்டும்போது மட்டும் மிளகாய்த்தூளையும் உப்பையும் முதலில் ஒன்றரை மடங்காகப் போட்டு, கொதித்த பிறகு ருசி பார்த்துக் கூட்ட வேண்டும்.

நான்காம் படி: வார இறுதியில் செய்துவைக்க வேண்டியவை

இங்கே நான் நீண்ட பட்டியல் தரப்போவதில்லை. வாரநாள் மாலையில் அதிக நேரத்தை எடுத்துக்கொள்ளும் நான்கு வேலைகளை முன்பே முடித்தால் போதும். புளியை ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்து, உப்புச் சேர்த்து ஒரு கொதி விட்டு ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம் வரை இருக்கும். தேங்காயைத் துருவிச் சிறு சிறு டப்பாக்களாக ஃப்ரீசரில் வைக்கலாம். சின்ன வெங்காயத்தை உரித்து, ஈரமில்லாமல் துடைத்து, மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்தால் நான்கைந்து நாள்களுக்குக் கவலையில்லை. புத்தகத்தில் நீங்கள் தேர்ந்தெடுத்த குறிப்புகளுக்கு வறுத்துப் பொடிக்க வேண்டிய மசாலாக்களை அந்தந்தக் குறிப்பின் பெயரெழுதிய சிறு புட்டிகளில் எடுத்துவையுங்கள். வறுத்த பொருள் முழுமையாக ஆறிய பிறகே பொடிக்க வேண்டும், இல்லையெனில் புட்டிக்குள் ஈரம் கோத்துக் கட்டிபடும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, இந்தப் பகுதி வீடுகளில் நெடுங்காலமாக இருந்துவரும் ஒரு முன்னேற்பாடு வடவம். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை ஆகியவற்றை இடித்துப் பிசைந்து, விளக்கெண்ணெய் தடவி உருண்டை பிடித்து, கோடை வெயிலில் பல நாள் காயவைத்து எடுத்துவைப்பது இது. ஓர் உருண்டையிலிருந்து ஒரு தேக்கரண்டி அளவு உதிர்த்து எண்ணெயில் போட்டால், கடுகும் வெந்தயமும் வெங்காயமும் பூண்டும் தனித்தனியாக எடுத்து, உரித்து, நறுக்கித் தாளிக்கும் வேலை முழுவதும் மிச்சம். அதோடு, வெயிலில் காய்ந்த வெங்காயத்துக்கே உரிய மணம் பச்சை வெங்காயத்தைத் தாளிப்பதால் வருவதில்லை. அச்சிட்ட குறிப்பில் "கடுகு, வெந்தயம், சீரகம், பூண்டு தாளிக்கவும்" என்று வரும் இடங்களில், மீன் குழம்பு, கீரைக் கடைசல், காரக்குழம்பு ஆகியவற்றுக்கு வடவத்தைத் தயங்காமல் மாற்றிப் போடலாம். ஆனால் இதை மிதமான தீயில்தான் பொரிக்க வேண்டும். காய்ந்த வெங்காயமும் பூண்டும் நொடிப்பொழுதில் கருகிக் கசந்துவிடும். வெளிநாட்டுச் சமையல் நூல்களில் இதன் வழித்தோன்றலான ஒரு மசாலாக் கலவை வருகிறது. அது வேறு தயாரிப்பு என்பதால் அந்த அளவுகளை நம் உருண்டைக்குப் பயன்படுத்தக் கூடாது.

ஐந்தாம் படி: அரைப் பக்கக் குறிப்பை எழுதுதல்

புத்தகம் ஒவ்வோர் உணவையும் தனித்தனியாகச் சொல்லும். நாமோ சோறு, குழம்பு, தொடுகறி மூன்றையும் சேர்த்து ஒரே நேரத்தில் மேசைக்குக் கொண்டுவர வேண்டும். அரைப் பக்கக் குறிப்பின் பயனே இதில்தான் இருக்கிறது. அதை உணவு வாரியாக எழுதாமல் நிமிட வாரியாக எழுத வேண்டும். நம் மாவட்டத்து உணவையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்: சிதம்பரம் நடராசர் கோயிலோடு சேர்த்து அறியப்படும் சம்பா சாதமும் கத்திரிக்காய் கொத்சும். வாரநாள் இரவுக்கு இதைவிடப் பொருத்தமான உணவு அரிது. அரைக்கும் வேலை இல்லை, தேங்காய் இல்லை, ஊறவைத்துக் காத்திருக்க வேண்டியதும் பெரிதாக ஒன்றுமில்லை. கோயில் முறையில் வெங்காயம் சேர்ப்பதில்லை. வீட்டில் விரும்பினால் சேர்க்கலாம்.

நான்கு பேருக்குச் சாதத்துக்குப் பச்சரிசி அல்லது சீரகச் சம்பா 300 கிராம், மிளகு ஒன்றரைத் தேக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, நெய் மூன்று மேசைக்கரண்டி, கறிவேப்பிலை, உப்பு தேவை. கொத்சுக்குப் பிஞ்சுக் கத்திரிக்காய் 300 கிராம், எலுமிச்சை அளவு புளி அல்லது செய்துவைத்த புளிக்கரைசல் மூன்று மேசைக்கரண்டி, நல்லெண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, கடுகு, பெருங்காயம், மஞ்சள்தூள், சிறு துண்டு வெல்லம் ஆகியவற்றோடு, வறுத்துப் பொடிக்கத் தனியா ஒரு மேசைக்கரண்டி, கடலைப்பருப்பு ஒரு மேசைக்கரண்டி, காய்ந்த மிளகாய் ஐந்து, வெந்தயம் கால் தேக்கரண்டி வேண்டும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அரிசியைக் களைந்து நீரில் போட்டுவிட்டு, கைகால் கழுவி வாருங்கள். அந்தப் பத்து நிமிடம் அரிசி ஊறுவதற்குப் போதும். பிறகு இரண்டு பங்கு நீர் ஊற்றிக் குக்கரை ஏற்றுங்கள். புழுங்கலரிசி என்றால் மூன்று பங்கு வேண்டியிருக்கும். குக்கர் சூடேறும் நேரத்தில் பக்கத்து அடுப்பில் சிறு வாணலியை வைத்து, எண்ணெயில்லாமல் முதலில் மிளகையும் சீரகத்தையும் மணம் வரும்வரை வறுத்துத் தட்டில் கொட்டுங்கள். அதே வாணலியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் கடலைப்பருப்பு, மிளகாய், தனியா, கடைசியாக வெந்தயம் என்ற வரிசையில் வறுக்க வேண்டும். வெந்தயத்தை முதலில் போட்டால் மற்றவை சிவப்பதற்குள் அது கருகிக் கொத்சு முழுவதையும் கசக்கச் செய்யும். வறுத்தவை ஆறும்வரை கத்திரிக்காயை நறுக்கி நீரில் போடுங்கள். நீரில் போடாவிட்டால் வெட்டிய இடம் காற்றுப் பட்டுக் கறுக்கும்.

இதற்குள் குக்கரில் முதல் விசில் வந்திருக்கும். தீயைக் குறைத்து ஐந்து நிமிடம் விட்டு அணைத்துவிடலாம். அகலமான சட்டியில் நல்லெண்ணெய் காய்ந்ததும் கடுகு, பெருங்காயம் தாளித்து, நீரை வடித்த கத்திரிக்காயைப் போட்டு, மஞ்சள்தூளும் உப்பும் சேர்த்து, நிறம் மாறும்வரை ஐந்தாறு நிமிடம் வதக்க வேண்டும். இந்த வதக்கலில் அவசரப்படக் கூடாது. புளியில் நேரடியாகப் போட்டால் கத்திரிக்காய் எளிதில் குழையாது, ஏனெனில் புளிப்பு காய்களின் நாரை இறுகச் செய்கிறது. எண்ணெயில் முக்கால் வேக்காடு வெந்த பிறகே புளிக்கரைசலையும் ஒன்றரைக் கிண்ணம் நீரையும் ஊற்ற வேண்டும். அது கொதிக்கும் பத்து நிமிடத்தில் மிளகு சீரகத்தைக் கரகரப்பாகவும், கொத்சுப் பொடியைச் சற்று நைசாகவும் பொடித்துக்கொள்ளலாம். புளியின் பச்சை வாசனை போனதும் பொடியைத் தூவி, வெல்லம் சேர்த்து, கரண்டியின் பின்புறத்தால் காயை நன்றாக மசித்து, மூன்று நிமிடம் கழித்து இறக்குங்கள். குக்கரின் அழுத்தம் அடங்கியிருக்கும். சோற்றைத் தட்டில் பரப்பி ஆவி போனதும், நெய்யில் கறிவேப்பிலையும் மிளகு சீரகப் பொடியும் போட்டுச் சில நொடிகள் பொரித்து உப்போடு சோற்றில் கலந்தால் சம்பா சாதம் தயார். தொடக்கத்திலிருந்து நாற்பத்தைந்து நிமிடத்திற்குள் இரண்டும் முடியும். பொடிகளை வார இறுதியிலேயே செய்துவைத்திருந்தால் அரை மணி நேரம். மீந்த கொத்சு மறுநாள் காலை இட்லிக்கு உதவும்.

மேலே எழுதியவற்றை நிமிட வரிசையில் பத்துப் பன்னிரண்டு வரிகளாகச் சுருக்கி ஓர் அட்டையில் எழுதினால், அதுவே நான் சொல்லும் அரைப் பக்கக் குறிப்பு. வாக்கியங்கள் தேவையில்லை. "குக்கர் ஏற்று, வறு, நறுக்கு, தாளி" என்ற அளவில் இருந்தால் போதும்.

மீன் குழம்பு வைக்கும் மாலை

மீன் குழம்பு நேரம் பிடிக்கும் உணவு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மீன் வேகும் நேரம் ஆறேழு நிமிடம்தான். நேரம் பிடிப்பது அலசுவதும் குழம்பு சுண்டுவதும். கடலூர் முதுநகர்த் துறைமுகத்திலோ புதுச்சேரி பெரிய மார்க்கெட்டிலோ காலையில் வாங்கும்போதே செதில் நீக்கி அரிந்து தரச் சொல்லி, வீட்டில் கல் உப்பும் மஞ்சளும் போட்டு அலசி, நீரை வடித்து மூடிய பாத்திரத்தில் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால், மாலை வேலை பாதியாகிவிடும். அன்று வாங்கிய மீனை அன்றிரவே சமைத்துவிட வேண்டும்.

அரை கிலோ சங்கராவுக்கோ மத்திக்கோ, நல்லெண்ணெயில் ஒரு தேக்கரண்டி வடவத்தைப் பொரித்து, பத்துப் பன்னிரண்டு சின்ன வெங்காயம், இரண்டு தக்காளி வதக்கி, இரண்டு மேசைக்கரண்டி குழம்பு மிளகாய்த்தூளைச் சேர்த்து அரை நிமிடம் கிளறி, புளிக்கரைசலும் இரண்டரைக் கிண்ணம் நீரும் ஊற்றுங்கள். உப்புப் போட்டுப் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஓரத்தில் எண்ணெய் மிதந்து, தூளின் பச்சை வாசனை முற்றிலும் போன பிறகே மீனைப் போட வேண்டும். மாங்காய்க் காலத்தில் அரை மாங்காயைத் துண்டுகளாக்கி மீனுக்கு ஐந்து நிமிடம் முன்பாகச் சேர்த்து, புளியைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். மீன் போட்ட பிறகு கரண்டி வைக்கக் கூடாது. சட்டியின் காதைப் பிடித்து மெதுவாகச் சுழற்றினால் போதும். குழம்பு கொதிக்கும் நேரம் சோறு வடிப்பதற்கும் ஒரு பொரியலுக்கும் சரியாக இருக்கும். நெத்திலி என்றால் மூன்று நான்கு நிமிடத்திலேயே வெந்துவிடும். வஞ்சிரத் துண்டுகள் தடிமனாக இருந்தால் எட்டு நிமிடம் தேவைப்படலாம். புத்தகக் குறிப்பு எந்த மீனுக்கு எழுதப்பட்டது என்பதைப் பார்த்து, அதன் நேரத்தை இவ்வாறு கூட்டியோ குறைத்தோ எழுதிக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை நடப்பில் இருக்கும். அந்த 61 நாள்களில் பெரிய மீன்களின் வரத்துக் குறைந்து விலை ஏறும். நாட்டுப்படகுகள் கொண்டுவரும் சிறு மீன்களுக்கேற்ற குறிப்புகளையும், கருவாட்டுக் குழம்பையும் அந்த இரு மாதங்களுக்கென்று தனியாக எழுதிவைப்பது நல்லது. பண்ருட்டிப் பலா அதே பருவத்தில் வருவதால், உரித்துவைத்த பலாக்கொட்டையைக் காரக்குழம்பில் சேர்ப்பதற்கும் ஓர் அட்டை இருக்கட்டும். கொட்டையைக் குக்கரில் தனியே வேகவைத்த பிறகே குழம்பில் போட வேண்டும்.

மற்ற இரவுகளுக்கு

பாசிப்பருப்பை ஊறவைக்கத் தேவையில்லை. திறந்த பாத்திரத்திலேயே இருபது நிமிடத்திற்குள் வெந்துவிடும். வெந்துகொண்டிருக்கும்போது ஆய்ந்த முருங்கைக்கீரையைச் சேர்த்து, வடவம் தாளித்தால் கடைசல் முடிந்தது. கீரையை முந்தைய இரவே ஆய்ந்து துணியில் சுற்றிவைத்திருக்க வேண்டும். சோறே வேண்டாம் என்ற நாளில், புதுச்சேரி பேக்கரிகளில் மாலையில் கிடைக்கும் நீளமான பிரெஞ்சு ரொட்டியை வாங்கி வந்து, முட்டைக் குழம்போ உருளைக்கிழங்கும் கேரட்டும் போட்ட தேங்காய்ப்பால் இஷ்டுவோ செய்தால் அரை மணி நேரத்தில் சாப்பிட்டு எழலாம். மாவு இருக்கும் நாளில் தோசைக்குப் புத்தகமே தேவையில்லை. சட்னிக்கு மட்டும் புதிதாக ஒன்றைப் புத்தகத்தில் தேடுங்கள்.

பொருள் இல்லாதபோது

குறிப்பில் சொன்ன பொருள் வீட்டில் இல்லையென்றால், அது அந்த உணவில் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். தேங்காய் விழுது குழம்பைக் கெட்டியாக்கவும் காரத்தைத் தணிக்கவும் வருகிறது என்றால், ஊறவைத்த பண்ருட்டி முந்திரி எட்டுப் பத்தை அரைத்து ஊற்றலாம். பொட்டுக்கடலையும் கெட்டியாக்கும், ஆனால் மணம் மாறும். புளிக்குப் பதில் தக்காளியைக் கூட்டலாம், மாங்காய் சேர்க்கலாம். சின்ன வெங்காயத்துக்குப் பெரிய வெங்காயம் போட்டால் இனிப்புக் கூடும் என்பதால் சற்றுக் குறைத்துப் போட வேண்டும். நல்லெண்ணெய் கொத்சுக்கும் மீன் குழம்புக்கும் அடிப்படையான பொருள். அதை வேறு எண்ணெயால் மாற்றினால் உணவே வேறாகிவிடுகிறது. அப்படிப்பட்ட நாளில் வேறு குறிப்பைத் தேர்ந்தெடுப்பதே நான் விரும்பும் வழி.

மீதத்தைக் கையாளுவது

நம் ஊர் வெக்கையில் மீந்த சோற்றை இரவு முழுவதும் அடுப்பு மேடையில் வைக்கக் கூடாது. சோற்றில் உயிரோடு தங்கும் சில பாக்டீரியா வித்துகள் வெதுவெதுப்பில் பெருகி நஞ்சை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு அழிவதில்லை. சோற்றைத் தட்டில் பரப்பி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் ஒரே முறை மட்டும் நன்றாகச் சூடாக்க வேண்டும். எலுமிச்சைச் சாதம், தக்காளிச் சாதம் ஆகியவற்றுக்கு இப்படிக் குளிர்ந்த சோறு உதிரியாக வருவதால் இன்னும் பொருத்தமாக இருக்கும்.

கடைசிப் படி: பென்சிலும் வார வரிசையும்

ஒரே வாரத்தில் ஐந்து புதிய குறிப்புகளைச் சமைக்க முயலாதீர்கள். வாரத்துக்கு ஒரு புதிய குறிப்பு, அதுவும் முதலில் சனி அல்லது ஞாயிறு மதியம் சமைத்துப் பார்த்த பிறகே வாரநாளுக்கு வர வேண்டும். சமைத்த அன்றே, நினைவு மங்குவதற்குள், புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் நான்கு செய்திகளை எழுதுங்கள்: உண்மையில் எவ்வளவு நேரம் ஆனது, உப்பும் காரமும் எப்படி இருந்தன, எதை மாற்றினீர்கள், யார் சாப்பிட்டார்கள், யார் ஒதுக்கிவைத்தார்கள். நூலகப் புத்தகத்தில் எழுதக் கூடாது. அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் குறிப்புகளைக் கொண்டு இரண்டாம் முறை சமைத்து, அதுவும் சரியாக வந்தால், அப்போதுதான் அதற்கு அட்டை எழுத வேண்டும்.

அட்டைகள் பத்து சேர்ந்ததும், ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் அதற்கு வாங்க வேண்டிய பொருள்களை எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஐந்து அட்டைகளை எடுத்து மேசையில் பரப்பி, எந்த நாளில் வீட்டில் யார் சீக்கிரம் வருகிறார்கள் என்பதைப் பார்த்து அடுக்குங்கள். மீனும் கீரையும் வாங்கிய அன்றைக்கே ஆக வேண்டும் என்பதால், சந்தைக்குப் போக முடிகிற நாளில் அவற்றை வைத்து, கத்திரிக்காயும் முருங்கைக்காயும் அடுத்த நாளுக்கு, பருப்பும் முட்டையும் வியாழன் வெள்ளிக்கு என்று தள்ளலாம். வேலைகளைப் பிரித்துக்கொள்ள விரும்பும் வீடுகளில், அட்டையின் ஓரத்தில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு பெயரின் முதல் எழுத்தை எழுதிவிடுங்கள். புளி கரைப்பதும் வெங்காயம் உரிப்பதும் பத்து வயதுப் பிள்ளைக்கும் முடியும். முதலில் வீட்டுக்கு வருபவர், அவர் அப்பாவாக இருந்தாலும் அக்காவாக இருந்தாலும், அட்டையின் முதல் மூன்று வரிகளை முடித்துவைத்தால், அடுத்தவர் வரும்போது குக்கர் அணைந்திருக்கும்.